மழை அவர்களிடம், குடை எங்களிடம்

ஒரே ஒரு சீட்டுக்கட்டை இரண்டு ஊர்களுக்கு முறைப்படி பங்கு பிரிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் அவரை என்னிடம் அனுப்பலாம். செய்து முடித்த அனுபவம் உண்டு. பிரித்த பிறகு அந்தக் கட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது என் பணி வரம்புக்குள் வராது.

விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேட்காமலே சொல்வதாக மனைவி புகார் செய்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எனக்கென்று கோப்பு எதுவும் வரவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் வாரச்சந்தை.

வாரச்சந்தை என்பது ஒரு சீட்டாட்டம். அதில் ராஜா ராணி கிடையாது, காசு வைத்து ஆடுவதும் கிடையாது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வெயிலில் அலையாமல் இருக்கட்டும் என்று சிவகாசியில் அச்சடித்து விற்றார்கள். சீட்டுகளில் தக்காளி, கருவாடு, வெல்லம், நிலக்கடலை என்று சரக்குகளின் படம் இருக்கும். ஒரே சரக்கில் மூன்று சேர்ந்தால் முன்னால் பரப்பிக் கடை விரிக்கலாம். கையிலிருப்பதையெல்லாம் விரித்துவிட்டு முதலில் வெறுங்கையோடு எழுகிறவர் ஜெயித்தவர். ஓய்வு பெற்றவர்களுக்கு மிகவும் பொருத்தமான விதி. நடுவில் யாராவது மழைச் சீட்டைப் போட்டால் அத்தனை பேரும் விரித்த கடையை வாரிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். குடைச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும் அதைக் காட்டிவிட்டு நனையாமல் உட்கார்ந்திருக்கலாம்.

இவ்வளவுதான் ஆட்டம். பிள்ளைகள் சீக்கிரமே சலித்துப்போய் செல்போன் பக்கம் போய்விட்டார்கள். வாங்கிக் கொடுத்த பெற்றோர் நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம். பிறகு அச்சடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நாங்கள் நிறுத்த முடியாத நிலைக்கு வந்திருந்தோம்.

விழுப்புரத்தில் ஐந்தாறு பேர், திண்டிவனத்தில் ஐந்தாறு பேர். எங்கள் ஊரில் எனக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியவர் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். திண்டிவனத்துக்காரர்களின் தலைவர் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் தர்பூசணியும் போடுகிற விவசாயி. எதையும் வரப்பில் நின்று பேசுகிற சத்தத்தில்தான் பேசுவார். இரண்டு ஊருக்கும் சேராமல் நடுவில் ஒருவர் உண்டு. முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். மருத்துவமனையில் கூப்பிட்ட மாதிரியே எல்லோரும் அவரை சிஸ்டர் என்போம். காலமெல்லாம் ஊசி போட்டவர். பேச்சிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆளுக்கொரு கட்டு வைத்திருந்தோம்தான். ஆனால் ஒருவர் கட்டில் கருவாட்டைப் பூனை தூக்கிப் போயிருக்கும் (சீட்டைத்தான்), இன்னொருவர் வீட்டில் வெல்லத்தை யாரோ கதவிடுக்கில் செருகியிருப்பார்கள். கடைசியில் திண்டிவனத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடைப் பரணில் பிரிக்காத கட்டு ஒன்று கிடைத்தது. எல்லோரும் பங்கு போட்டு வாங்கினோம். அது பொதுச்சொத்து. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று ஆடிவந்தோம்.

சண்டை வந்தது சம்பந்தி வீட்டில். ஜெராக்ஸ் கடைக்காரர் மழையைப் போட்டார். சம்பந்தி குடையைக் காட்டினார். அதுவரை சரி. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் அண்டை வீட்டுக்காரரைப் பார்த்து, “நீயும் உள்ள வாப்பா” என்றார். அவரும் கடையை வாராமல் சும்மா உட்கார்ந்துகொண்டார்.

“இது என்னங்க?” என்றேன்.

“குடை.”

“குடை தெரியுது. அவர் எப்படி உள்ளே வந்தார்?”

“மழை பேயுது, பக்கத்துல ஒரு மனுஷன் நனைஞ்சிக்கினு நிக்கிறான். நீ நனைடாப்பான்னு சொல்லிட்டு நான் மட்டும் குடை புடிச்சிக்கினு நிப்பனா? இன்னா சம்பந்தி பேசறீங்க?”

கட்டோடு வந்த விதித்தாளில் குடையைப் பற்றி இருப்பது ஒரே வரி. குடை வைத்திருந்தால் நனைய வேண்டியதில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அனுமதி என்று எழுதப்படாதது எதுவும் அனுமதி ஆகாது என்பது நான் பணியில் இருந்த காலம் முழுவதும் கடைப்பிடித்த கொள்கை. தடை என்று எழுதப்படாதது எதுவும் தடை இல்லை என்பது சம்பந்தியின் கொள்கை. வாய்க்கால் தண்ணீர் விஷயத்திலும் அவருக்கு இதே கொள்கைதான் என்று கேள்வி.

அவர் குடைச் சீட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “படத்த பாருங்க. குடைக்குள்ள ஒரு ஆடு நிக்குது. ஆட்டுக்கு எடம் இருக்கு, மனுஷனுக்கு இல்லியா?”

படத்தில் உண்மையிலேயே ஒரு ஆடு இருந்தது. குடை பிடித்தவரின் காலை ஒட்டி, பாதி உள்ளே, பாதி வெளியே.

“ஆடு அவருடைய அசையும் சொத்து. சொத்து உரிமையாளரோடு வரும். அதுக்குத் தனி அனுமதி தேவையில்லை. இவர் உங்க சொத்தா?”

அண்டை வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்திலிருந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டார். அவர் உரக்க விளக்கினார்: “உன்ன ஆடான்னு கேக்குறாரு.”

அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி சமைத்திருந்தார்கள் என்பது நிலைமைக்கு உதவவில்லை.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்தது. எங்களுடையது ‘வாரச்சந்தை அசல்’. அவர்கள் ஆரம்பித்தது ‘வாரச்சந்தை உண்மை’. சிஸ்டர் மட்டும் இரண்டிலும் இருந்தார். தினமும் காலையில் ஒரே ரோஜாப்பூப் படத்தை இரண்டு குழுவுக்கும் அனுப்பிப் பாரபட்சமின்மையை நிலைநாட்டினார். என் மகள் போன் செய்தாள். “அப்பா, இவரு அப்பா சாப்பிட உக்காரும்போதெல்லாம் ‘உங்க அப்பாகிட்ட எடம் வேணும்னா ஆடாத்தான் பொறக்கணும்’னு சொல்றாரு. எனக்குச் சிரிப்பு வருது. சிரிக்கலாமா கூடாதா?” குடும்பப் பிரச்சினையில் கருத்துச் சொல்வதற்கில்லை என்று வைத்துவிட்டேன்.

அடுத்து, பொதுச்சொத்தை என்ன செய்வது? பங்குதான் பிரிக்க வேண்டும். அதற்கு நடைமுறை உண்டு. இரு தரப்புக்கும் பொதுவான இடமாக மயிலம் மலையடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு டீக்கடை பெஞ்சில் சீட்டுகளைப் படம் தெரியப் பரப்பினோம். ஒருவர் மாற்றி ஒருவர் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதலில் யார் என்பதற்குக் காசு சுண்டினோம், நான் ஜெயித்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் குடையை எடுத்தேன். அது தவறான கைகளுக்குப் போய்விடக் கூடாது. சம்பந்தி மழையை எடுத்தார். நான் இன்னொரு குடையை எடுத்தேன். அவர் இன்னொரு மழையை எடுத்தார். இப்படியே குடைகளெல்லாம் எங்களுக்கும் மழைகளெல்லாம் அவர்களுக்குமாக முடிந்தன. பிறகு சரக்குகள். எதிர்த் தரப்புக்கு மூன்று சேர்ந்துவிடக் கூடாது என்று இருவருமே மிகக் கவனமாக எடுத்தோம். அதன் பலனாக எந்தச் சரக்கும் எந்த ஊரிலும் கடை விரிக்கிற அளவுக்கு மிஞ்சவில்லை.

சாட்சியாக வந்திருந்த சிஸ்டர் பஜ்ஜி தின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

“முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது. ஆளுக்குச் சரிபாதி. ஒரு சீட்டு வித்தியாசம் இல்லை.”

“ரொம்ப சந்தோஷம். இனிமே எதை வச்சு ஆடுவீங்க?”

நானும் சம்பந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டீக்கடைக்காரரும் எங்களைப் பார்த்தார்.

“அது அடுத்த கட்டம், சிஸ்டர்,” என்றேன்.

அடுத்த கட்டம் பல மாதங்கள் வரவில்லை. முதல் ஞாயிறுகளில் ஜெராக்ஸ் கடைக்காரர் வீட்டில் கூடினோம். எங்கள் பாதிக் கட்டை எடுத்துத் துடைத்தோம், வைத்தோம். எங்களிடம் குடை இருந்தது, மழை இல்லை. திண்டிவனத்தில் மழை நிறைய இருந்தது, நனைவதற்குக் கடை ஒன்றும் இல்லை. என் மனைவி, “ஞாயித்துக்கிழம இருபத்திநாலு மணி நேரமும் வீட்டுல இருக்கீங்க, பேஜாரா இருக்கு” என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் காலை ரோஜாப்பூவுக்குப் பதிலாக சிஸ்டரிடமிருந்து இரண்டு குழுவுக்கும் ஒரே செய்தி வந்தது. குரல் பதிவு.

“எல்லாருக்கும் சொல்லிக்கறேன். வீட்ட வித்தாச்சு. மாசக் கடைசியில தாம்பரம் போறேன், பையன் வீட்டுக்கு. அங்க ஆளுக்கொரு ரூமு, ரூமுக்கொரு டிவி. சீட்டாட ஆளு கிடைக்கப் போறதில்ல. அதனால போறதுக்குள்ள எனக்கு ஒரு ஆட்டம் வேணும். பாதிக் கட்டு, அரை ஆட்டம் இதெல்லாம் வேணாம். முழுக் கட்டு, முழு ஆட்டம். அது கூட உங்களால முடியலன்னா, ரெண்டு ஊருக்காரங்களும் என்ன வழியனுப்ப வராதீங்க.”

அந்தப் பதிவை நான் நான்கைந்து முறை கேட்டேன். இரண்டு குழுவிலும் நாள் முழுக்க யாரும் எதுவும் எழுதவில்லை. வாட்ஸ்அப் வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர்தான் வழி சொன்னார். “சார், கலர் பிரிண்ட் எடுத்துடலாம். அவுங்க பாதி, நம்ம பாதி, ரெண்டையும் எடுத்தா முழுக் கட்டு. பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா விட்டுடுவேன். யாரும் யாரோட அசலையும் தொட வேணாம்.”

திண்டிவனம் தரப்புக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஜெராக்ஸ் கடை விழுப்புரத்தில் இருக்கிறது. குடைச் சீட்டை நகல் எடுக்கும்போது கணினியில் அந்த ஆட்டை அழித்துவிட்டால்? எனவே ஒவ்வொரு நகலும் அசலோடு ஒப்பிடப்பட்டுச் சான்றொப்பம் பெற வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கு அந்தக் கோரிக்கை பிடித்திருந்தது. எதிரியாக இருந்தாலும் நடைமுறை தெரிந்தவர்கள்.

சம்பந்தி தன் பாதியைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். நகல் எடுத்து முடிகிற வரை இயந்திரத்தின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. என் பாதியும் அதே கல்லா மேசையில்தான் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு முழுக் கட்டும் ஒரே மேசையில். ஆனால் ஆடலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த வேலை நகல் எடுப்பது. வேலை முடிந்ததும் அவர் பாதியை அவர் முடிந்துகொண்டார், என் பாதியை நான் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓய்வு பெற்றவன் சான்றொப்பம் இட முடியாது. ஆகவே ஒரு காலத்தில் என் பிரிவில் வேலை பார்த்து இப்போது அதிகாரியாகிவிட்ட ஒருவரிடம் போனேன். அவர் நகல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், இது கருவாடு” என்றார். உண்மை நகல் என்று எழுதினால் போதும், அது கருவாடா இல்லையா என்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று விளக்கினேன். பழைய மரியாதைக்காக ஒவ்வொரு சீட்டிலும் பச்சை மையில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஒத்திகைக்கு சிஸ்டர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். நகல் கட்டிலிருந்து சீட்டு கொடுத்தோம். நான் என் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தேன். சிஸ்டர் எதிரிலிருந்து, கண்ணாடியைக்கூட ஏற்றாமல், “உங்ககிட்ட ரெண்டு தக்காளி, ஒரு கருவாடு, ஓரத்துல வெல்லம்” என்றார்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை மை தாளில் ஊறிப் பின்பக்கம் வந்திருந்தது. அதிகாரி ஒவ்வொரு சீட்டிலும் படத்தை மறைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் காலியாக இருந்த இடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தக்காளிக்கு வலது மூலை, கருவாட்டுக்கு வால் பக்கம். பின்பக்கத்துப் பச்சையைப் பார்த்தே இன்ன சரக்கு என்று யாரும் சொல்லிவிடலாம். விழுப்புரம் மாவட்டத்திலேயே முறையாகச் சான்றளிக்கப்பட்ட கள்ளச் சீட்டுக்கட்டு அதுதான்.

“அன்னைக்கு ரெண்டு பாதியும் இதே மேசையிலதான இருந்துது?” என்று சிஸ்டர் கேட்டார்.

“ஆமாம்.”

“அப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஆட்டோ புடிச்சு வந்திருப்பேனே?”

ஜெராக்ஸ் கடைக்காரர் இயந்திரத்தில் தாள் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது சிஸ்டர் என்னையும் சம்பந்தியையும் முண்டியம்பாக்கத்துக்கு வரச் சொன்னார். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. பெரிய சாமான்களை லாரியில் ஏற்றியாகிவிட்டது. வெறும் கூடத்தில் மாதா படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சம்பந்தி ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு.

“அசல் கட்டு ரெண்டு பாதியும் வேணும்,” என்றார் சிஸ்டர். “எங்க ஆடலாம், சொல்லுங்க.”

“விழுப்புரத்துல,” என்றேன்.

“திண்டிவனத்துல,” என்றார் சம்பந்தி.

“எந்த ஊர்ல உக்காந்து ஆடறமோ அந்த ஊரு சட்டம்தான் செல்லும், சிஸ்டர். விழுப்புரத்துல குடை ஒருத்தருக்கு. மேலும் திண்டிவனமே விழுப்புரம் மாவட்டத்துலதான் வருது.”

“மாவட்டம் ஒங்களுது, மழை எங்களுது. அது இல்லாம ஆடிக்குங்க.”

“அண்ணே, இங்கயே, என் வீட்டுல ஆடக் கூடாதா?”

“முண்டியம்பாக்கம் விழுப்புரத்துக்குக் கிட்டக்க கீது சிஸ்டர். அப்ப இவரு சட்டந்தான்னுவாரு.”

சிஸ்டர் கையிலிருந்த ஒட்டு டேப்பைக் கீழே போட்டார். “இந்த ஊரும் வேணாம், அந்த ஊரும் வேணாம். சனிக்கிழம நான் போற வண்டியிலயே உக்காந்து ஆடித் தொலைங்க! ஓடிக்கினே இருக்கும், எந்த ஊரும் கெடையாது!”

கோபத்தில் சொன்னார். ஆனால் நான் கேட்டது வேறு. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகிற பாசஞ்சர் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று வரிசையாக நிற்கும். நடுவில் இருப்பது பேரணி. எல்லை என்றால் அதுதான் எல்லை.

“பேரணி வரைக்கும் எங்க சட்டம். பேரணி தாண்டினா உங்க சட்டம்,” என்றேன்.

சம்பந்தி முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “பேரணியில எது? ஸ்டேஷன்ல ரெண்டு பேர்ப் பலகை இருக்கு. இந்தக் கோடி ஒண்ணு, அந்தக் கோடி ஒண்ணு.”

நல்ல கேள்வி. இரண்டு பலகைக்கும் நடுவே வண்டி இருக்கிற வரை யாரும் மழை போடக் கூடாது என்று முடிவு செய்தோம். எங்கள் பெட்டி தாண்டுவதுதான் கணக்கு, இன்ஜின் தாண்டுவது அல்ல என்றும் சேர்த்தேன். அவர் ஒப்புக்கொண்டார். சிஸ்டர் எங்கள் இருவரையும், வார்டில் நள்ளிரவில் எழுந்து பாடுகிற நோயாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை விழுப்புரம் சந்திப்பில் சம்பந்தி தோளில் ஒரு மூட்டையோடு நின்றார். “சிஸ்டர் லக்கேஜ் தூக்க வந்தேன். சீட்டாட வரல,” என்று பொதுவாக அறிவித்தார். ஜெராக்ஸ் கடைக்காரரும் வந்தார். நாங்கள் மூவரும் திண்டிவனம் வரை டிக்கெட் எடுத்திருந்தோம், சிஸ்டர் தாம்பரத்துக்கு. எதிரெதிர் இருக்கைகளில் இருவர் இருவராக உட்கார்ந்து, முழங்கால்கள் மேல் சிஸ்டரின் பெட்டியைக் கிடத்தி, சம்பந்தியின் துண்டை விரித்தோம். அவர் மழைகளை எடுத்து வைத்தார். நான் குடைகளை எடுத்து வைத்தேன். சிஸ்டர் இரண்டு பாதியையும் சேர்த்துக் கலைத்தார். இரண்டு பாதியும் கலந்த பிறகு பார்த்தால் எது எங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை.

விக்கிரவாண்டி வருவதற்குள் ஒரு மழை அடித்தது. எங்கள் சட்டப்படி குடை வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் தப்பினார். நானும் சம்பந்தியும் வாரினோம், சிஸ்டர் இன்னும் ஒன்றும் விரித்திருக்கவில்லை. “நல்ல சட்டம்,” என்றார் சம்பந்தி கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே. பேரணியில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவதற்காக வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மழை போட முடியாத பிரதேசம் அல்லவா, நாங்கள் மூவரும் பயமில்லாமல் கடையை விரித்துத் தள்ளினோம். என் கையில் நான்கு சீட்டு மிச்சம். சம்பந்தி கையில் இரண்டு. சிஸ்டர் மட்டும் கையில் கட்டாக வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பேர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நகர்ந்தது. சென்னைப் பக்கத்துப் பலகை எங்கள் ஜன்னலைத் தாண்டியதும் சிஸ்டர் துண்டின் மேல் ஒரு சீட்டை அறைந்தார்.

“மழை!”

சம்பந்தி குடையைக் காட்டினார். இப்போது அவர் சட்டம். யாரையும் கூப்பிடாமல் இருந்தால் நானும் ஜெராக்ஸ் கடைக்காரரும் நனைவோம், அடுத்த சுற்றில் அவர் வெறுங்கையோடு எழுந்துவிடலாம். மயிலத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு அது.

அவர் என் பக்கம் திரும்பினார். “வாங்க சம்பந்தி, உள்ள.”

“வேண்டாங்க.”

“நனைஞ்சிடுவீங்க.”

“நனையறேன். கொள்கை இருக்கு.”

“கொள்கைய வெளிய வச்சிட்டு வாங்க. ஆட்டுக்கு இருந்த எடம் காலியாத்தான் கீது.”

ஜெராக்ஸ் கடைக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை. “சார், போங்க,” என்றார் மெதுவாக. “இப்ப ஆட்டம் முடிஞ்சா தாம்பரம் வரைக்கும் நான் சும்மா உக்காந்துகினுதான் போகணும்.”

நான் என் கடையை வாரவில்லை. “ஆட்சேபணையோடு, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், உள்ளே வருகிறேன்,” என்றேன்.

“எப்படியோ ஜல்தி வாங்க, எனக்குத் தோள் நனையுது,” என்றார் சம்பந்தி.

அதன் பிறகு அவர் ஜெயிக்கவும் இல்லை, நானும் ஜெயிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் தடுப்பதிலேயே குறியாக இருந்தோம். மயிலம் போனது. திண்டிவனம் வந்தது. பிளாட்பாரத்தில் சுண்டல்காரர் கூவினார். எங்கள் மூவருக்கும் இறங்க வேண்டிய ஊர். யாரும் தலையைத் தூக்கவில்லை. வண்டி புறப்பட்ட பிறகு, “திண்டிவனம் போயிடுச்சு,” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். “போகட்டும், உன் முறை,” என்றார் சம்பந்தி. நாற்பது வருடமாகத் திண்டிவனத்தைத் தவிர வேறெதையும் ஊர் என்று ஒப்புக்கொள்ளாத மனிதர்.

ஒலக்கூர் தாண்டும்போது சட்டப் பிரச்சினையை நான் எழுப்பினேன். திண்டிவனத்தைத் தாண்டிவிட்டோம், ஆனால் இன்னும் விழுப்புரம் மாவட்டம்தான், எனவே எங்கள் சட்டம் மீண்டும் உயிர் பெறுகிறதா? சம்பந்தி முடியவே முடியாது என்றார். நாங்கள் அதைப் பேசி முடிப்பதற்குள் தொழுப்பேடு வந்துவிட்டது. மாவட்டமே மாறிவிட்டது.

“இப்ப யாரு சட்டம்?” என்று சிஸ்டர் கேட்டார்.

எங்கள் இருவருக்கும் அங்கே அதிகாரம் இல்லை என்பதை நான் நேர்மையாக ஒப்புக்கொண்டேன்.

“அப்ப எனக்குத்தான். நான்தான் இந்தப் பக்கம் குடியிருக்கப் போறவ.” கடைசி மழைச் சீட்டைப் போட்டார். “இது மழை இல்ல. புயல். குடையெல்லாம் பறந்துடும்.”

“அது எப்படிங்க சிஸ்டர்?” என்றார் சம்பந்தி.

“எங்க எழுதியிருக்கு, கூடாதுன்னு?”

சம்பந்தியால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. என்னால் சொல்ல முடியும். ஆனால் அவருடைய கொள்கை அவரையே அடித்ததைப் பார்க்கிற சந்தோஷத்தில் சும்மா இருந்துவிட்டேன். நாங்கள் மூவரும் கடையை வாரினோம். சிஸ்டருக்கு வாரிக்கொள்ளக் கடையே இல்லை. அதுவரை ஒன்றையும் விரிக்காமல் கையிலேயே சேர்த்து வைத்திருந்தவர், மூன்று மூன்றாக, அவசரமில்லாமல், அத்தனையையும் துண்டின் மேல் அடுக்கினார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு எழுந்து நின்றார். வண்டி ஆடியதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

“முழு ஆட்டம்,” என்றார்.

மேல்மருவத்தூரில் இறங்கினோம். கையசைத்தோம், வண்டி போயிற்று. வெளியே வரும் வழியில் பரிசோதகர் நின்றார். எங்கள் டிக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு, “திண்டிவனம் வரைக்கும்தான இருக்கு?” என்றார்.

“ஆமாம். பயணத்தை நீட்டிப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்,” என்றேன்.

“தெரிஞ்சேதான் வந்தீங்களா?”

என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரை நான் இதே கேள்வி கேட்டு மடக்கியிருக்கிறேன். சம்பந்தி முன்னால் வந்து அபராதத்தைத் தானே எடுத்து நீட்டினார். “இவருக்கும் சேத்துப் போடுங்க சார். இவரு இன்னைக்கு என் குடைக்குள்ள கீறாரு.”

பரிசோதகர் வானத்தைப் பார்த்தார். மேகமே இல்லை.

திரும்புகிற வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார்: “சார், கட்டு யாருகிட்ட?” நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் தோளில் துண்டு மட்டும் இருந்தது. அப்போது எங்கள் மூவரின் போன்களும் ஒன்றாக ஒலித்தன. இரண்டு குழுவிலும் ஒரே படம். சிஸ்டரின் மடியில் பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் முழுக் கட்டு. கீழே, “முதல் ஞாயிறு, தாம்பரம். வர்றவங்க டிக்கெட்ட முழுசா எடுங்க.”

இப்போது மாதம் ஒரு முறை விழுப்புரத்தில் நாங்கள் ஏறுகிறோம், திண்டிவனத்தில் அவர்கள் அதே பெட்டியில் ஏறுகிறார்கள். சம்பந்தி அவித்த மல்லாட்டை கொண்டுவருவார். என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டு வாட்ஸ்அப் குழுவையும் இணைத்தோம். பெயர் ‘வாரச்சந்தை அசல் மற்றும் உண்மை’. எது முன்னால் வர வேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு வாரம் ஆயிற்று. அட்மினாக இரு தரப்பும் ஏகமனதாக சிஸ்டரைத் தேர்ந்தெடுத்தோம். பதவி ஏற்றதும் அவர் செய்த முதல் காரியம், அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றியது.

அன்றிலிருந்து எங்களுக்குள் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ வருகிறது.